இரத்தம் ஏற்றுதல்: மாதிரி எடுப்பது முதல் பையை அகற்றுவது வரை வார்டுப் பணியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரத்தம் ஏற்றுவதில் உயிருக்கு ஆபத்தாக முடியும் தவறுகளில் பெரும்பாலானவை ஆய்வகத்தில் நேர்வதில்லை. மாதிரி எடுக்கும்போதும் பையைத் தொங்கவிடும்போதும் நோயாளியின் கட்டிலருகில்தான் நேர்கின்றன. குழாயின் மீது எழுதியுள்ள பெயரை நம்பித்தான் இரத்த வங்கி தன் வேலையைத் தொடங்குகிறது. ஒருவரின் இரத்தம் இன்னொருவர் பெயரிட்ட குழாயில் போய்விட்டால், அங்கே எவ்வளவு கவனமான தொழில்நுட்பர் இருந்தாலும் அந்தப் பிழை அவர் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை.

புதிதாகப் பணியில் சேர்ந்த செவிலியர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் இது எழுதப்பட்டது. உங்கள் மருத்துவமனையின் எழுத்துபூர்வ நெறிமுறை ஏதேனும் ஓரிடத்தில் இதிலிருந்து வேறுபட்டால் அதையே பின்பற்றுங்கள். ஆனால் படிகளின் வரிசையை மட்டும் எங்கும் மாற்றாதீர்கள், ஏனெனில் குளிர்பெட்டியிலிருந்து பை வெளியே வந்த நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு ஊசி தேடுவதற்கும் கையெழுத்து தேடுவதற்கும் நேரம் கிடைக்காது.

1. ஏற்றத்தான் வேண்டுமா என்பதைக் கேஸ் ஷீட்டில் பாருங்கள்

எந்தக் காரணத்துக்காக, இரத்தத்தின் எந்தக் கூறு (சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா), எத்தனை பை, எவ்வளவு நேரத்தில் என்ற நான்கும் மருத்துவரின் கையெழுத்தோடு கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். ‘பிளட் ஒன்று போடவும்’ என்ற ஒற்றை வரியை உத்தரவாக ஏற்காதீர்கள். காரணம் எழுதப்படாத இடத்தில் வேகத்தை முடிவு செய்யவும் முடியாது, எதிர்வினை வந்தால் தொடர்வதா நிறுத்துவதா என்று எடைபோடவும் முடியாது.

இரத்தப்போக்கின்றி நிலையாக இருக்கும் வயதுவந்தவருக்கு ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கும்போது சிவப்பணு ஏற்றுவதைக் கருதலாம் என்பதே இன்றைய வழிகாட்டுதல்களின் பொதுவான நிலை. இதயநோய் உள்ளவருக்கு இந்த எல்லை 8 கிராம். ஒரு பை ஏறத்தாழ ஒரு கிராம் உயர்த்தும் என்பதால், நிலையான நோயாளிக்கு ஒரு பை ஏற்றியபின் மறுபடி பரிசோதித்து அடுத்ததை முடிவு செய்வதே முறை. ஜோடியாக ஏற்றும் பழைய வழக்கத்துக்கு மருத்துவக் காரணம் எதுவுமில்லை.

இரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவரிடம் இந்த எண்களை நம்பக்கூடாது. இழந்தது முழு இரத்தம் என்பதால் முதல் சில மணி நேரத்தில் ஹீமோகுளோபின் அளவு பெரிதாகக் குறைந்து காட்டாது. நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் இழந்த அளவையும் வைத்தே அங்கே முடிவெடுக்கப்படுகிறது.

ஒப்புதலையும் இந்தக் கட்டத்திலேயே பெறுங்கள். நோயாளிக்குப் புரியும் மொழியில் பலனையும் ஆபத்தையும் மாற்று வழியையும் சொல்லி, இதற்கு முன் இரத்தம் ஏற்றப்பட்டதா, அப்போது காய்ச்சலோ தடிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா என்று கேட்டு எழுதுங்கள். மாதந்தோறும் குழந்தையோடு வரும் தலசீமியாத் தாய்மார்களிடம் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பழைய கோப்பில் இருப்பதைவிடத் தெளிவாக இருக்கும்.

2. மாதிரி எடுத்தல்

இந்த ஒரு படியில் அவசரப்பட்டால் அடுத்த எட்டுப் படிகளைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

முதலில் நோயாளியிடம் ‘உங்கள் பெயர் என்ன?’ என்று கேளுங்கள். ‘நீங்கள்தானே லட்சுமி?’ என்று கேட்காதீர்கள். காய்ச்சலில் கிடப்பவரும், காது மந்தமான முதியவரும், சிஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவரும் எந்தப் பெயருக்கும் தலையாட்டிவிடுவார்கள். அவர் சொன்ன பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது ஆகியவற்றைக் கைப்பட்டையோடும் படிவத்தோடும் ஒப்பிட்டுவிட்டு, ஐ.பி. எண்ணை (உள்நோயாளிப் பதிவு எண்) இலக்கம் இலக்கமாகப் படித்துப் பாருங்கள்.

பெயரை மட்டும் நம்ப முடியாததற்கு நம் வார்டுகளில் கூடுதல் காரணம் உண்டு. ஒரே மகப்பேறு வார்டில் இரண்டு லட்சுமிகள் இருப்பது அதிசயமல்ல. அதே பெயர் கைப்பட்டையில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் படிவத்தில் இன்னொன்றிலும் இருப்பதும், இனிஷியல் முன்னே ஒரு முறை, பின்னே ஒரு முறை வருவதும் அன்றாடம் நடப்பவை. இவற்றுள் மாறாமல் நிற்பது எண் ஒன்றுதான். எழுத்துக்கூட்டல் வேறுபட்டிருந்தால் ‘இவர்தான், எனக்குத் தெரியும்’ என்று கடந்துவிடாமல் படிவத்தைத் திருத்திவிட்டே மாதிரி எடுங்கள்.

குழாயின் மீது பெயர் எழுதுவது இரத்தம் எடுத்தபிறகு, கட்டிலை விட்டு நகர்வதற்கு முன்பு. காலையிலேயே ஆறு குழாய்களுக்குப் பெயரெழுதித் தட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு சுற்று வருவதுதான் புதியவர்களிடம் மிக அதிகமாகக் காணும் பிழை. அது சுறுசுறுப்பாகத் தோன்றும். கட்டில் எண் 7-இல் இருந்தவர் ஸ்கேனுக்குப் போய், அந்தக் கட்டிலில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எடுத்த குழாயைச் செவிலியர் மேசைக்குக் கொண்டுபோய் அங்கே எழுதுவதும் இதே தவறுதான்.

குழாயில் பெயர், எண், தேதி, நேரம், எடுத்தவர் கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். சலைன் ஓடும் கையில், ஊசிக்கு மேற்புறத்தில் எடுக்காதீர்கள். நீர்த்துப்போன மாதிரி சோதனையைக் குழப்பும். முதன்முறை இரத்தவகை பார்க்கப்படும் நோயாளிக்கு, வேறொரு நேரத்தில் முடிந்தால் வேறொருவர் எடுத்த இரண்டாவது மாதிரியையும் இரத்த வங்கி கேட்டால் எரிச்சலடைய வேண்டாம். ஆள் மாறியதைப் பிடிக்க அவர்களிடம் இருக்கும் ஒரே வழி அதுவே.

கடந்த மூன்று மாதங்களுக்குள் இரத்தம் ஏற்றியவர் அல்லது கருவுற்றிருந்தவர் என்றால், மாதிரி மூன்று நாளுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. அந்த இடைவெளியில் வேறொருவரின் சிவப்பணுக்களைத் தாக்கும் புதிய எதிரணுக்கள் உருவாகியிருக்கக்கூடும் என்பதே காரணம். ஆகவே படிவத்தில் இந்த வரலாற்றைக் கேட்கும் கட்டத்தை வெற்றாக விடாதீர்கள்.

3. கிராஸ் மேட்ச் முடியும்வரை காத்திருத்தல்

நோயாளியின் பிளாஸ்மாவோடு பையிலுள்ள சிவப்பணுக்களைக் கலந்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே கிராஸ் மேட்ச். ‘நோயாளி ஓ பாசிடிவ், பையும் ஓ பாசிடிவ், இனி என்ன சோதனை?’ என்ற வாதம் இரவுப் பணியில் அடிக்கடி எழும். சாதாரண வகையறிதலில் ஓ வகையாகவே தெரியும் பாம்பே வகையினருக்கு, ஓ வகைச் சிவப்பணுக்களின் மீதுள்ள எச் என்ற பொருளைத் தாக்கும் எதிரணு இருப்பதால் அவையும் ஒத்துப்போகாது. 1952-இல் பெண்டே குழுவினர் பம்பாயில் விவரித்த இந்த வகை உலகளவில் மிக அரிது; இந்தியத் துணைக்கண்டத்தில் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. இதுபோன்றவற்றையும், முந்தைய கர்ப்பங்களில் உருவான எதிரணுக்களையும் பிடித்துக்கொடுப்பது கிராஸ் மேட்ச்தான்.

உயிர் போகும் அவசரத்தில் மட்டும், மருத்துவர் எழுதிக் கையொப்பமிட்டால், கிராஸ் மேட்ச் முடியாத ஓ வகைச் சிவப்பணு தரப்படும். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் சிறுமியருக்கும் ஓ நெகட்டிவ். அந்த நிலையிலும் முதல் பை தொடங்குமுன் மாதிரியை எடுத்துவிட வேண்டும், ஏனெனில் பிறகு எடுக்கும் மாதிரியில் கொடையாளியின் அணுக்களும் கலந்திருக்கும்.

4. பையை வரவழைப்பதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

வேலை செய்யும் ஊசி முதலில். வயதுவந்தவருக்கு 18 அல்லது 20 கேஜ் கேனுலா (இரத்தநாளத்தில் பொருத்தும் மெல்லிய குழல்) வசதியானது. குழந்தைகளுக்கும் நரம்பு கிடைக்காதவர்களுக்கும் 22 அல்லது 24-இலும் மெதுவாக ஏற்றலாம். சலைன் செலுத்தித் தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். பை வந்தபிறகு நரம்பு தேடத் தொடங்குவதால்தான் பல பைகள் வீணாகின்றன.

170 முதல் 200 மைக்ரான் வடிகட்டியுள்ள பி.டி. செட் (இரத்தம் ஏற்றும் குழாய்த் தொகுதி), 0.9 சதவீத நார்மல் சலைன், ஆக்ஸிஜன், அட்ரினலின், தெர்மாமீட்டர், நோயாளியின் உடல் எடை ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சாதாரண ஐ.வி. செட்டில் உறைகட்டிகளைத் தடுக்கும் வடிகட்டி இல்லை என்பதால் அது மாற்றாகாது.

இப்போதே வெப்பநிலை, நாடி, இரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே காய்ச்சல் இருந்தால் பையை வரவழைக்குமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள்; ஏற்றும்போது வரும் காய்ச்சலை இதிலிருந்து பிரித்தறிவது கடினம். ஒவ்வாமையைத் தடுக்கவென்று எல்லோருக்கும் வழக்கமாக ஏவிலும் ஹைட்ரோகார்டிசோனும் போட்டுவிட்டுத் தொடங்குவது பல இடங்களில் சடங்காகவே நிலைத்துவிட்டது. முன்பு எதிர்வினை வந்திராதவருக்கு அதனால் பயன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

நள்ளிரவில் ஆள் குறைவாக இருக்கும்போது, அவசரமில்லாத ஏற்றத்தைக் காலைக்கு ஒத்திவையுங்கள்.

5. பையைக் கொண்டுவருதல்

ஒருமுறைக்கு ஒரு நோயாளிக்கான பை மட்டும். இரண்டு நோயாளிகளின் பைகளை ஒரே பெட்டியில் ஒருவரே கொண்டுவருவது மாறாட்டத்துக்கு நாமே வழிவிடுவதாகும்.

சிவப்பணுப் பைகள் 2 முதல் 6 டிகிரி செல்சியஸில் வைக்கப்படுபவை. வெளியே எடுத்து 30 நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும். முடியாதென்று தெரிந்தால் அந்த நேரத்துக்குள்ளேயே இரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். வார்டில் இன்சுலின் வைக்கும் குளிர்பெட்டியில் ‘கொஞ்ச நேரம்’ வைப்பது கூடாது: அதன் வெப்பநிலையை எவரும் கண்காணிப்பதில்லை, உறைபகுதியை ஒட்டி வைத்தால் சிவப்பணுக்கள் உறைந்து சிதையும்.

பிளேட்லெட் இதற்கு நேர்மாறானது. அது 20 முதல் 24 டிகிரியில் அசைந்துகொண்டே இருக்க வேண்டியது. குளிர்பெட்டிக்குள் ஒருபோதும் போகக்கூடாது. டெங்கு காலத்தில் வேறு வார்டிலிருந்து உதவிக்கு வருபவர்கள் இதைத் தெரியாமல் குளிர்பெட்டியில் வைப்பதுண்டு. அந்த அணுக்கள் உடலில் நிலைக்காது. உருக்கிய பிளாஸ்மாவை உடனே ஏற்றிவிடுங்கள், மறுபடி உறையவைக்க முடியாது.

பையைச் சூடாக்க வேண்டியதில்லை. சாதாரண வேகத்தில் ஏறும் குளிர்ந்த இரத்தம் தீங்கு செய்யாது. வெந்நீரில் முக்குவதும், உறவினரிடம் கொடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்ளச் சொல்வதும் சிவப்பணுக்களைச் சிதைக்கும், கிருமி வளர வழிசெய்யும். மிக வேகமாகப் பல பைகள் ஏற்றும்போதும் பச்சிளங்குழந்தைக்கு இரத்தமாற்றம் செய்யும்போதும் அதற்கென உள்ள கருவியையே பயன்படுத்த வேண்டும்.

6. கட்டிலருகே கடைசிச் சரிபார்ப்பு

இது இருவர் செய்யும் வேலை. செவிலியர் மேசையில் அல்ல, நோயாளியின் அருகில். இருவரும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒருவர் வாசிக்க மற்றவர் ‘ம்’ கொட்டுவது ஒரே சரிபார்ப்புதான், இரண்டல்ல.

நோயாளியை மறுபடியும் அதே திறந்த கேள்வியால் பெயர் சொல்லவையுங்கள். மயக்கத்திலிருப்பவருக்கும் குழந்தைக்கும் கைப்பட்டையே ஆதாரம். கைப்பட்டை இல்லாத நோயாளிக்கு இரத்தம் ஏற்றக்கூடாது என்ற விதியில் எந்தத் தளர்வும் வேண்டாம். அறுவை அரங்கில் துணியால் மூடியிருக்கிறது என்பதும் காரணமாகாது, கையை வெளியே எடுத்தே பார்க்க வேண்டும். பின்னர் கைப்பட்டை, பையில் கட்டியுள்ள ஒத்திசைவுச் சீட்டு (கிராஸ் மேட்ச் முடிவைக் காட்டுவது), பையின் லேபிள் மூன்றையும் ஒப்பிடுங்கள்: பெயர், ஐ.பி. எண், பை எண், ஏ.பி.ஓ. மற்றும் ஆர்.எச். வகை, காலாவதித் தேதி. கேஸ் ஷீட்டோடு மட்டும் ஒப்பிடுவது பயனற்றது, ஏனெனில் கேஸ் ஷீட் தவறான கட்டிலில் இருக்கலாம்.

எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்து சோதனைகளின் முடிவு லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். பையில் கசிவோ, உறைகட்டியோ, ஊதா அல்லது கருமை நிறமாற்றமோ தெரிந்தால் தொடங்காதீர்கள்.

பிளாஸ்மாவில் வகைப்பொருத்தம் சிவப்பணுவுக்குத் தலைகீழாக இருக்கும். ஏ.பி. வகைப் பிளாஸ்மா யாருக்கும் பொருந்தும், ஓ வகைப் பிளாஸ்மா ஓ வகையினருக்கு மட்டுமே. ஏ வகை நோயாளிக்கு ஏ.பி. பிளாஸ்மா வந்திருப்பதைக் கண்டு பதறித் திருப்பி அனுப்பும் புதியவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். பதறியதில் தவறில்லை, இரத்த வங்கியைக் கேட்டுத் தெளிந்தபின் தொடங்கலாம்.

7. முதல் 15 நிமிடம்

நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் வேகத்தில் தொடங்குங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என அச்சிட்ட செட்டில் அது 20 சொட்டு. வகை மாறிய இரத்தத்தில் சில மில்லிலிட்டர் உள்ளே போனதுமே எதிர்வினை தோன்றக்கூடும், எவ்வளவு குறைவாகப் போனதோ அவ்வளவு உயிர் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். இந்த 15 நிமிடமும் நோயாளியின் பார்வை எல்லைக்குள் நில்லுங்கள். முடிவில் வெப்பநிலை, நாடி, இரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை ஆகியவற்றை மறுபடி குறித்தபிறகே வேகத்தைக் கூட்டுங்கள்.

அதே குழாயில் நார்மல் சலைனைத் தவிர வேறெதுவும் போகக்கூடாது. ரிங்கர் லாக்டேட்டில் உள்ள கால்சியம், இரத்தம் உறையாதிருக்கப் பையில் சேர்த்துள்ள சிட்ரேட்டை முறியடித்து உறைகட்டியை உண்டாக்கும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் சிவப்பணுக்களை உடைக்கும். ஆன்டிபயாட்டிக் நேரமாகிவிட்டது என்று அதே வழியில் செலுத்தினால், பிறகு வரும் தடிப்புக்கு மருந்து காரணமா இரத்தம் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. பையில் காற்றோட்டத்துக்கென ஊசி குத்துவதும் வேண்டாம். மடங்கும் பிளாஸ்டிக் பைக்கு அது தேவையில்லை.

8. வேகமும் இடமும்

நிலையான நோயாளிக்கு ஒரு சிவப்பணுப் பை இரண்டு முதல் மூன்று மணி நேரத்தில் ஏறலாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நான்கு மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். அதன்பின் எஞ்சியிருப்பதை ஏற்றாமல் அகற்றுங்கள், அறைவெப்பத்தில் கிருமி பெருகும். பிளேட்லெட் பையும் பிளாஸ்மாப் பையும் பொதுவாக அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சிவப்பணு ஏற்றிய செட்டில் பிளேட்லெட்டைத் தொடராமல் புதிய செட் போடுங்கள். பல பைகள் தொடர்ந்து ஏறினாலும் செட்டை 12 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், வெயில் காலத்தில் அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது.

அதிகக் கவனம் வேண்டியவர்கள் நாட்பட்ட இரத்தசோகையில் ஹீமோகுளோபின் 3 அல்லது 4 கிராமோடு வரும் கர்ப்பிணிகளும் முதியவர்களும். எண்ணைப் பார்த்ததும் எல்லோருக்கும் அவசரம் பிறக்கும். ஆனால் அவர்களின் இதயம் ஏற்கெனவே முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது; வேகமாக ஏற்றும் ஒரு பையே நுரையீரலில் நீர் கோக்கச் செய்துவிடும். அவர்களுக்கு நான்கு மணி நேரத்தின் விளிம்புவரை மெதுவாக, ஒரு பையோடு நிறுத்தி, தேவைப்பட்டால் மருத்துவர் எழுதிய ஃப்ரூசிமைடோடு (நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து) ஏற்ற வேண்டும். இரத்த வங்கி பையை இரண்டாகப் பிரித்துத் தருமா என்று கேளுங்கள்.

டயாலிசிஸ் நோயாளிக்கு, டயாலிசிஸ் நடக்கும்போதே ஏற்றினால் கூடுதல் நீரும் பொட்டாசியமும் அப்போதே வெளியேறும். பிரசவ அறையில் இரத்தப்பெருக்கு ஏற்பட்டு பைகள் அடுத்தடுத்து ஏறும்போது, சிட்ரேட்டால் கால்சியம் குறைவதையும் உடல் குளிர்வதையும் ஒருவர் தனியாகக் கவனிக்க வேண்டும். அறுவை அரங்கில் மயக்கத்திலிருப்பவர் குளிர் என்றோ இடுப்பு வலி என்றோ சொல்ல மாட்டார். காரணமின்றி இறங்கும் இரத்த அழுத்தமும், வெட்டிய இடமெங்கும் கசிவதும், சிறுநீர்ப் பையில் தெரியும் செந்நிறமும்தான் அங்கே எச்சரிக்கை.

9. எதிர்வினை தோன்றினால்

முதலில் நிறுத்துங்கள்; மருத்துவரை அழைப்பது அதற்குப் பிறகு. வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது தீர்வல்ல.

கேனுலாவை எடுத்துவிடாதீர்கள். செட்டைக் கேனுலாவிலிருந்து பிரித்து, புதிய செட்டில் சலைன் இணையுங்கள். பழைய செட்டின் வழியாகவே சலைனைத் திறந்தால் குழாயில் நிற்கும் இரத்தம் முழுவதும் உள்ளே தள்ளப்படும். பிறகு மூச்சுவழி, ஆக்ஸிஜன், அழுத்தம். மூச்சுத்திணறலும் அழுத்தச் சரிவும் சேர்ந்த கடும் ஒவ்வாமை என்றால், வயதுவந்தவருக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தொடையின் வெளிப்புறத் தசையில்.

உடனே பெயரையும் எண்களையும் மறுபடி ஒப்பிடுங்கள். பை மாறியிருப்பது தெரிந்தால் இன்னொரு நோயாளிக்கு இவருடைய பை போய்க்கொண்டிருக்கலாம். இரத்த வங்கிக்கு அந்த நிமிடமே தொலைபேசியில் சொல்லுங்கள். பதற்றத்தில் பலரும் மறந்துவிடுவது இதைத்தான்.

காய்ச்சலோடு இடுப்பு வலி, ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், கருஞ்சிவப்புச் சிறுநீர், ‘எனக்கு என்னவோ செய்கிறது’ என்ற இனம்புரியாத அச்சம் ஆகியவை சிவப்பணுச் சிதைவைக் காட்டும். அழுத்தம் உயர்ந்து மூச்சு வாங்கினால், இதயம் தாங்கும் அளவுக்கு மீறி ஏறியதால் வரும் நீர்ச்சுமை. ஏற்றிய ஆறு மணி நேரத்துக்குள் அழுத்தம் குறைந்து காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் நுரையீரல் பாதிப்பு என்று சந்தேகிக்கலாம். உறுதி செய்வது மருத்துவரின் வேலை; உங்கள் வேலை நேரத்தோடு குறித்து வைப்பது. தோலில் சில தடிப்புகள் மட்டும் வந்து வேறு எந்தக் குறியும் இல்லாதபோது, மருந்து கொடுத்து, மருத்துவர் சொன்னால் அதே பையை மெதுவாகத் தொடரலாம்.

பையைச் செட்டோடு சேர்த்துக் கவ்வியிட்டு, மறுகையில் எடுத்த புதிய மாதிரிகளோடும் முதல் சிறுநீரோடும் இரத்த வங்கிக்கு அனுப்புங்கள். பையைக் குப்பையில் போட்டுவிட்டால் காரணம் கடைசிவரை தெரியாது. எதிர்வினை அறிக்கைப் படிவத்தையும் நிரப்புங்கள். இரத்தம் ஏற்றியதால் வரும் எதிர்வினைகளைக் கண்காணிக்க 2012 டிசம்பரில் தொடங்கிய இந்திய ஹீமோவிஜிலன்ஸ் திட்டத்தின் கீழ் நொய்டாவிலுள்ள தேசிய உயிரியல் நிறுவனம் இவற்றைத் தொகுக்கிறது. யாரையும் தண்டிப்பதற்கான படிவம் அல்ல அது.

10. முடித்தபின்

முடிந்த நேரம், ஏறிய அளவு, இறுதி அளவீடுகள், பை எண் ஆகியவற்றைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பை எண் இல்லாத பதிவால் பின்னாளில் கொடையாளியைத் தேட முடியாது. காலிப் பையை உங்கள் மருத்துவமனை சொல்லும் காலம்வரை வைத்திருந்து, 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் நிறப் பையில் சேர்க்க வேண்டும்.

நீர்ச்சுமை 12 மணி நேரம்வரை தாமதித்தும் வரலாம் என்பதால், பகல்நேரச் சிகிச்சைக்கு வந்தவரைக் கடைசிச் சொட்டு முடிந்ததுமே அனுப்பிவிடாமல் சிறிது நேரம் வைத்திருந்து பாருங்கள். வீட்டுக்குப் போகும்போது, அடுத்த இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சிறுநீர் நிறமாற்றமோ மீண்டும் வெளிறிப்போவதோ நேர்ந்தால் இரத்தம் ஏற்றிய தேதியைச் சொல்லி உடனே வர வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.